பிள்ளைகள் உள்ள வீட்டு வாசல்: மழைக்கால ஒழுங்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டிப் பாறசாலை என்று இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்கு மழை இறங்கும்போதே பள்ளியும் திறக்கும். அது ஓய்ந்து கொஞ்சம் வெயில் பார்ப்பதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். செம்மண் ஒட்டிய ஷூ, சொட்டும் குடை, நனைந்த பை என்று பிள்ளைகள் கொண்டுவருவதெல்லாம் முதலில் வந்து விழுவது வாசலில்தான். அந்த ஆறடி இடத்தைச் சரிசெய்தால் காலை நேரத்துச் சத்தம் பாதி குறையும், வீட்டுக்குள் நோயும் குறையும். இதைப் பற்றி அக்கம்பக்கத்திலும் உறவிலும் அம்மாக்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஒரு நல்ல ஷூ ஸ்டாண்டு வாங்கி வைத்தால் போதாதா?

போதாது. ஸ்டாண்டு வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: ஈரம் எந்த இடத்தோடு நிற்க வேண்டும்? சிட்அவுட்டில் (வீட்டு முன்பக்கத்துத் திறந்த வராந்தாவில்) நின்று பாருங்கள். மழைச்சாரல் எதுவரை அடிக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு மழை நாளில் கவனித்தால் தெரிந்துவிடும். சாரல் அடிக்கும் பக்கம் ஈரப்பக்கம். குடை, மழைக்கோட்டு, சேறு பட்ட செருப்பு எல்லாம் அங்கே. சாரல் எட்டாத சுவரோரம் உலர்ந்த பக்கம். பள்ளிப்பை, காய்ந்த ஷூ, ஹெல்மெட் இங்கே. இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் அடுக்கினால், மேல்தட்டில் இருக்கும் குடை சொட்டச் சொட்டக் கீழ்த்தட்டு ஷூ நாள் முழுக்க நனையும். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டாண்டும் பூஞ்சை பிடித்த பெட்டிதான்.

பிள்ளைகளுக்கான கொக்கியை எந்த உயரத்தில் அடிக்க வேண்டும்?

பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து, கையைத் தோள் உயரத்துக்கு நீட்டச் சொல்லுங்கள். விரல் தொடும் இடம்தான் சரியான உயரம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய இரண்டரை அடி, ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்றரை அடி வரை வரும். பெரும்பாலான வீடுகளில் கொக்கி ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அது அப்பாவின் உயரம். பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு பையைத் தரையில் போடுகிறது, நாம் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைக்கிறோம். கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக் கொடுத்தால் நாலு வயதுப் பிள்ளைகூட ஒழுங்காக மாட்டும். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாழ்வாக அடிக்கும் கொக்கி, ஓடிவரும் சின்னப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக வரும். கூரான இரும்புக் கொக்கியோ வளைத்த ஆணியோ அங்கே கூடவே கூடாது. உருண்டை முனை உள்ள மரக் குமிழ் நல்லது. தச்சரிடம் சொன்னால் மிச்சம் கிடக்கும் அயினிக் கட்டையில் கடைந்து தருவார். கதவு திறந்து மோதும் இடத்தையும், பிள்ளைகள் திரும்பும் மூலையையும் தவிர்த்து அடியுங்கள். ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். நெருக்கி அடித்தால் ஒன்றின் மேல் ஒன்று தொங்கி எதுவும் காயாது.

எங்களுக்குச் சிட்அவுட்டே இல்லை. வாடகை வீடு, சுவரில் துளை போடவும் விடமாட்டார்கள். என்ன செய்வது?

வாசலுக்குப் பக்கத்து சன்னலின் கம்பிதான் உங்கள் கொக்கி. எஸ் வடிவக் கொக்கிகளை வாங்கி, கீழ்க்கம்பியில் பிள்ளைக்கு, மேல்கம்பியில் பெரியவர்களுக்கு என்று மாட்டிக்கொள்ளுங்கள். கதவுக்கு உள்ளே ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டு. வளர்ப்புச் செடித் தொட்டிக்கு அடியில் வைக்க விற்பார்களே, அந்த மாதிரி விளிம்பு உயர்ந்தது. ஈரச் செருப்பு அதில் நிற்கட்டும், தண்ணீர் தட்டோடு போகும். தினமும் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். பழக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூடை இரண்டைப் பக்கவாட்டில் சாய்த்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறு போட்டுக் கட்டினால் ஷூ தட்டு தயார். காற்றும் புகும். சுவரோடு பொருத்த முடியாத எதையும் இரண்டு தட்டு உயரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். பிள்ளைகள் அதில் ஏறுவார்கள்.

ஸ்டாண்டு எந்தப் பொருளில் வாங்கலாம்?

மரத்தூள் பலகையில் செய்து மேலே மினுமினுப்புத் தாள் ஒட்டிய ஸ்டாண்டுகளை இந்த ஊருக்கு வாங்க வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ஊதி, ஓரம் பிரிந்துவிடும். இரும்புக்குப் பெயிண்டு உதிர்ந்த இடத்தில் துரு ஏறும். குளச்சல், கொல்லங்கோடு மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று சேர்ந்து இன்னும் சீக்கிரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பித் தட்டு, பிளாஸ்டிக், அல்லது வீட்டிலேயே கிடக்கும் பலா, அயினிப் பலகை, இந்த மூன்றில் எதுவும் சரி. மூடிய கதவு உள்ள அலமாரி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே காற்றோட்டம் இல்லாததால் ஷூ நாறும். கம்பித் தட்டு அழகில்லை என்றாலும் அதுதான் நம் ஈரத்துக்கு ஏற்றது. கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரமாக இருந்தால் துடைப்பம் உள்ளே போகும், பூச்சி ஒளியாது. உயரமான ஸ்டாண்டைச் சுவரோடு ஸ்குரூ போட்டு முடுக்கிவிடுங்கள்.

பள்ளி ஷூ மறுநாள் காலைக்குள் காய்வதே இல்லை. நனைந்தபடியே போட்டு அனுப்புகிறோம்.

அப்படி அனுப்பாதீர்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், அது ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்கும் ஒட்டும். வீட்டுக்கு வந்தவுடனே செய்ய வேண்டிய வேலை இது, ராத்திரி படுக்கப் போகும்போது நினைவு வந்தால் பலன் இல்லை. கயிற்றை முழுக்கத் தளர்த்தி நாக்கை வெளியே இழுங்கள். உள்ளே இருக்கும் மெத்தைத் துண்டை உருவித் தனியாக வையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி முனைவரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் ஈரத்தைக் குடித்திருக்கும், மாற்றிவிட்டு மறுபடி திணியுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றியதும் ஃபேனுக்கு எதிரே வாய்ப்பக்கம் தெரியும்படி சாய்த்து வைத்தால், பெரும்பாலும் விடியும்போது காய்ந்திருக்கும். அடுப்புமேட்டில் வைப்பது, ஹீட்டருக்கு முன்னால் வைப்பது வேண்டாம். பசை விட்டு அடிப்பாகம் பிளந்துபோகும்.

முடிந்தால் இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், மழை மாதங்களில் செருப்புப் போட்டு வர அனுமதி உண்டா என்று வகுப்பாசிரியரிடம் கேட்பதில் தவறில்லை. பல பள்ளிகளில் விடுகிறார்கள்.

நாற்றத்துக்கு இரவில் கொஞ்சம் சமையல் சோடாவைத் துணியில் முடிந்து உள்ளே போடலாம், காலையில் எடுத்துவிட வேண்டும். பாச்சா உருண்டை, கற்பூரம் இரண்டையும் ஷூவுக்குள் போடும் வழக்கம் உண்டு. தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். இரண்டுமே விழுங்கினால் விஷம். கற்பூரம் சிறிதளவு உள்ளே போனாலும் பிள்ளைக்கு வலிப்பு வரலாம்.

கால் கழுவும் இடம் அவசியமா?

மிக அவசியம். பழைய திருவிதாங்கூர் வீடுகளில் நடையில் ஒரு கிண்டியில் தண்ணீர் இருக்கும், வருகிறவர் கால் கழுவிவிட்டுத்தான் ஏறுவார். குழாய் வீட்டுக்குள் வந்ததும் அந்த வழக்கம் போய்விட்டது. ஆனால் அதற்கான காரணம் போகவில்லை. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழுவின் குஞ்சு தோலைத் துளைத்து ஏறும். பிள்ளைக்கு இரத்தச் சோகை வர அதுவும் ஒரு காரணம். ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) குறுக்குவழியாகப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தினசரி விஷயம்.

முற்றத்திலிருந்து ஏறும் படிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு குழாய் போடுங்கள். பிள்ளை தானே திறந்து மூடலாம். பக்கத்தில் ஒரு சோப்பு, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு துண்டு. சோப்பைச் சாக்ஸுக்குள் போட்டுக் குழாயிலேயே கட்டிவிட்டால் காக்கையும் கொண்டுபோகாது, முற்றத்திலும் உருளாது. தண்ணீர் வாழைக்கோ தென்னைக்கோ போகும்படி சாய்ப்பு கொடுங்கள். காலில் கீறல், புண் இருக்கிறதா என்று பார்க்கவும் இதுதான் நேரம். மழைத்தண்ணீரில் நடந்த பிள்ளைக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வீட்டு மருந்தில் நாளைப் போக்காமல் மருத்துவரிடம் போய், தண்ணீரில் நடந்ததையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிட்அவுட் தரை. பளபளக்கும் டைல்ஸ் போட்டவர்கள் மழையில் வழுக்குவதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் வாசல்படிக்கும் சிட்அவுட்டுக்கும் சொரசொரப்பான டைல்ஸ் கேளுங்கள். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் துளைகள் உள்ள ரப்பர் பாயை நடக்கும் வழியில் விரித்துவிடலாம்.

மிதியடி எது நல்லது?

இரண்டு வேண்டும். படிக்கு வெளியே சேற்றை உரசி எடுக்கத் துளையுள்ள ரப்பர் மிதியடி. நிலைக்கு உள்ளே ஈரம் உறிஞ்சத் துவைக்கக்கூடிய துணி மிதியடி. கயிற்று மிதியடி வெயில் காலத்துக்கு அருமையானது. சாரல் அடிக்கும் இடத்தில் போட்டால் மட்டும் ஊறி நாறும்.

செருப்புக்குள் தேள், பாம்பு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஈரமும் இருட்டும் உள்ள ஷூ, பூரானுக்கும் தேளுக்கும் பிடித்த இடம். சின்னப் பாம்பும் சுருண்டுகொள்ளும். பிள்ளைகளுக்குப் பல் தேய்ப்பது போல இதையும் பழக்குங்கள்: ஷூவை முனைப் பக்கம் பிடித்து, குதிகால் கீழே இருக்கும்படி கவிழ்த்து, தரையில் இரண்டு தட்டு. கையை உள்ளே விட்டுப் பார்ப்பது கூடாது. செய்தித்தாள் திணித்து வைத்திருந்தால் பூச்சி நுழையவும் இடமில்லை.

வாசலோரம் விறகு, தேங்காய் மட்டை, உடைந்த ஓடு அடுக்கி வைத்திருக்கிறீர்களா? அதை முதலில் வீட்டின் பின்பக்கம் தள்ளிக் கொண்டுபோங்கள். அந்தக் குவியலுக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். சிந்திய அரிசி, கோழித்தீவனம் வாசலில் கிடக்கக் கூடாது. ராத்திரி வாசல் விளக்கின் சுவிட்ச் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆம்புலன்சுக்கு 108 தான்.

வீட்டில் ரப்பர் வெட்டு (மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை) உண்டு. கத்தி, பக்கெட், ஆசிட் எல்லாம் வாசலில்தான் இருக்கும். வேறு இடம் இல்லை.

இதற்கு மட்டும் இடம் இல்லை என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் தோலைச் சுடும், கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், குடித்தால் தொண்டையும் வயிறும் வெந்துபோகும். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அதை மினரல் வாட்டர் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஊற்றி வாசல் திண்டில் வைக்கும் வழக்கம் இன்றைக்கே நிற்க வேண்டும். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை முதலில் கை வைப்பது கண்ணில் படும் பாட்டிலைத்தான்.

ஆசிட் வாங்கிய கேனிலேயே இருக்கட்டும். தண்ணீர் கலந்து கரைத்ததையும் குடிக்கும் பாட்டிலில் வைக்காதீர்கள். ஷீட் அடிக்கும் கொட்டகையில், பூட்டுள்ள ஒரு பெட்டியில் வையுங்கள். கொட்டகை இல்லாதவர்கள் பெரியவர் தலைக்கு மேல் உயரத்தில் பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டியைச் சுவரில் பதித்துக்கொள்ளலாம். வெட்டுக் கத்திக்கும் அதே பெட்டி. அதன் வளைந்த முனை பிளேடு மாதிரி கூர்மை. வெட்டுக்குப் போட்டுப் போகும் சட்டையும் செருப்பும் பிள்ளைகளின் கொக்கிப் பக்கம் வேண்டாம். பால் ஒட்டினால் பள்ளிச் சீருடையிலிருந்து போகாது. ஆசிட் மேலே பட்டுவிட்டால் கால் கழுவும் அதே குழாயடியில் நிறுத்தி இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக மருத்துவமனை.

குடை, மழைக்கோட்டு எப்படி வைப்பது?

குடையை ஈரப்பக்கத்தில் கைப்பிடி மேலே தெரியும்படி ஒரு வாளியில் நிறுத்துங்கள். வாளியின் அடியில் சூடான கம்பியால் நாலு துளை போட்டுவிடுங்கள். துளை இல்லாத வாளியில் சொட்டுத் தண்ணீர் சேர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். விளையில் கிடக்கும் சிரட்டையையும் பால் கப்பையும் கவிழ்த்து வைக்கச் சொல்லும் சுகாதாரப் பணியாளர்கள், வாசல் குடை வாளியை எட்டிப் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும். செருப்புத் தட்டும், பூந்தொட்டித் தட்டும் அதே கணக்கு.

மழைக்கோட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி மாட்டினால் சீக்கிரம் காயும். பையில் மடித்துத் திணித்த ஈரக்கோட்டுதான் நோட்டுப் புத்தகத்தை நனைப்பது. பிள்ளைகள் குடையை மாற்றி எடுத்து வருவது சகஜம் என்பதால் கைப்பிடியில் நெயில் பாலிஷால் பெயரோ புள்ளியோ வைத்துவிடுங்கள்.

பிள்ளைக்கும் ஹெல்மெட் வைக்க இடம் வேண்டுமா?

வேண்டும். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம். கேரளச் சாலைகளில் 2023 ஜூனிலிருந்து கேமரா வைத்தே அபராதம் போடுகிறார்கள் என்பது பாறசாலைப் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். அபராதத்தை விடுங்கள், அது பிள்ளையின் தலை. அப்பாவின் ஹெல்மெட்டும் பிள்ளையின் ஹெல்மெட்டும் வண்டிச் சாவியும் அடுத்தடுத்து இருந்தால், சாவியை எடுக்கும்போது இதை விட்டுப்போக முடியாது. நனைந்த ஹெல்மெட்டின் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டி வையுங்கள்.

பை, டிபன் பாக்ஸ், சீட்டு, அறிவிப்பு எல்லாம் கலந்துவிடுகிறது.

டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வாசலில் இடமே கிடையாது. வந்த கையோடு அடுக்களைத் தொட்டிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு. பை உலர்ந்த பக்கத்துக் குமிழில். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. தேவையில்லாத புத்தகத்தை எடுத்துவைக்க குமிழுக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு இருந்தால், மாலையிலேயே அந்த வேலை முடியும்.

கையெழுத்துப் போட வேண்டிய சீட்டுக்கு ஒரு கிளிப்பு போதும். ஒரு பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளி, ஒரு பிள்ளை கேரளப் பள்ளி என்று இருக்கும் வீடுகளுக்கு மட்டும் இரண்டு நாட்காட்டி தேவைப்படும். ஓண விடுமுறை அங்கே நீளம், காலாண்டு விடுமுறை இங்கே வேறு நாள். மழை விடுமுறையை நாகர்கோவிலிலிருந்து நம் ஆட்சியர் தனியாக அறிவிப்பார், திருவனந்தபுரம் கலெக்டர் தனியாக அறிவிப்பார். நாட்காட்டியை அந்தந்தப் பிள்ளையின் குமிழுக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள்.

நிலைவாசலுக்கு முன்னால் செருப்பு கிடக்கக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். ஸ்டாண்டு வைக்கவே விடவில்லை.

அத்தை சொல்வதில் உள்ள நியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைக்கு நேரே செருப்பு கிடந்தால் தடுக்கி விழுவது முதலில் வயதானவர்களும் தத்தி நடக்கும் குழந்தைகளும்தான். கோலம் போடும் இடமும் விளக்கு வைக்கும் இடமும் சுத்தமாக இருக்கட்டும். ஸ்டாண்டைச் சிட்அவுட்டின் பக்கவாட்டுச் சுவரில், நிலையைப் பார்க்காத கோணத்தில் வைக்கலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் காட்டும் இடத்தில் வையுங்கள். அவர் உட்கார்ந்து செருப்பு மாட்ட ஒரு பெஞ்சும், எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் அதன் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாட்டுவார்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால் கயிறு கட்டவும் கற்றுக்கொள்வார்கள்.

எல்லாம் செய்து கொடுத்தும் பிள்ளைகள் பழையபடிதான் எறிகிறார்கள்.

படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதிய கொக்கி புரியாது. மீன், இலை, ஆனை என்று ஒரு படத்தை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்து ஒட்டட்டும், துண்டுக்கும் ஷூ தட்டுக்கும் அதே படம். கழற்று, கழுவு, மாட்டு என்ற வரிசை தினமும் மாறாமல் இருக்கட்டும். முதல் சில வாரம் நீங்கள் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். எறிந்த பையை நீங்களே எடுத்து மாட்டிவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது அதைத்தான். கோபப்படாமல் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள், மாட்டிய பிறகு பலகாரம். பசியோடு வரும் பிள்ளையிடம் நீண்ட புத்திமதி எடுபடாது. அப்பாவும் தன் செருப்பைத் தட்டில் வைக்க வேண்டும், அதைப் பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள்.

பிள்ளைகள் வளர வளர எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வருமா?

குமிழின் உயரம் மட்டும் மாறும். தனித்தனியாகச் சுவரில் அடிக்காமல், ஒரு பலகையில் வரிசையாகக் குமிழ்களைப் பொருத்தி, அந்தப் பலகையை இரண்டே ஸ்குரூவில் மாட்டுங்கள். வருடா வருடம் மே மாதக் கடைசியில், பள்ளி திறக்கும் முன்பு, பலகையை இரண்டு அங்குலம் உயர்த்தினால் போதும். அப்போதே கால் பத்தாத ஷூக்களைப் பிரித்து, நல்லதாக இருப்பதைத் தம்பி தங்கைக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிட்டால் மழைக்கு முன்னால் தட்டில் இடமும் கிடைக்கும்.